கடைசி ஆளாக நிற்பவள்



ஒவ்வொரு இதழிலும் இந்தப் பக்கத்தில் சேமிப்பு, கணக்கு எழுதுவது, உடல்நலம், சட்டம் என்று ஏதாவது ஒரு பாடம் எழுதி வருகிறோம். இந்த முறை கால்பந்து பற்றி எழுதுகிறோம். "சங்கத்துப் பத்திரிகையில பந்து விளையாட்டுக்கு இன்னா வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வி ஒரு குழுக் கூட்டத்தில் எழுந்ததுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு, வாலாஜா பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது. தவணை வசூல் முடிந்தது. உள்கடன் யாருக்கு வேண்டும் என்று ஊக்குநர் கேட்டார். ஒருவர் கறவை மாட்டுக்குக் கேட்டார். ஒருவர் மருத்துவச் செலவுக்குக் கேட்டார். மூன்றாவதாக ஒரு அம்மா எழுந்தார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை செய்பவர். 2,500 ரூபாய் கேட்டார்.

"எதுக்கும்மா?"

"பெரிய பொண்ணு ஸ்கூல் டீமுல கோல் கீப்பரா நிக்குறா. மாவட்ட செலக்ஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கையுறை வாங்கணும், ஷூ வாங்கணும், போக வர பஸ் செலவு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஒருவர், "போன வாரம் ஆறு கோல் விட்டாளாமே, அவளுக்கா கடன்?" என்றார். இன்னொருவர், "வெரல் ஒடஞ்சா நாளைக்குக் கம்பெனியில மிஷின்ல ஒக்கார முடியுமா?" என்றார். மூத்த உறுப்பினர் ஒருவர், "வயசுப் பொண்ணு, அடிபட்டு நொண்டிக்கிட்டு நின்னா எவன் கட்டுவான்?" என்று கேட்டார். அந்த அம்மா பதில் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். தீர்மான நோட்டில் முதல் இரண்டு கடன்கள் மட்டும் எழுதப்பட்டன.

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்களும் வாய் திறக்கவில்லை. எது சரி என்று எங்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். அப்படிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இது சென்னையில் பிறந்து, இந்தியப் பெண்கள் அணிக்குக் கோல் காத்து, 2025 ஜூலையில் ஓய்வு பெற்ற அதிதி சவுகான் என்பவரின் கதை.

கோல் கீப்பர் என்றால் யார்?

கால்பந்தில் ஒரு அணிக்கு 11 பேர். ஆட்டம் 90 நிமிடம். பத்துப் பேர் காலால், தலையால், மார்பால் பந்தை ஆடலாம். கையால் தொட்டால் தவறு. கையைப் பயன்படுத்த உரிமை உள்ள ஒரே ஆள் கோல் கீப்பர். அதுவும் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பகுதிக்குள் மட்டும்தான். மற்றவர்களில் இருந்து தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய சட்டை நிறமும் வேறாக இருக்கும்.

அவர் காக்க வேண்டிய கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. ஒரு சின்ன வீட்டின் முன்பக்கம் முழுவதையும் ஒரே ஆள் மறிப்பது மாதிரி நினைத்துப் பாருங்கள். பெனால்டி என்று ஒன்று உண்டு. 36 அடி தூரத்தில் பந்தை வைத்து எதிரணி ஆள் ஒருவர் உதைப்பார். நடுவில் மறிக்க வேறு யாரும் கிடையாது. யோசிக்க அரை நொடிகூடக் கிடைக்காது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு இது எளிதாகப் புரியும். கட்டிங், தையல், ஒட்டுதல் எல்லாம் முடிந்து கடைசியில் செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே நிற்கும் பெண் நூறு ஜோடியில் இருக்கும் தப்பைக் கண்டுபிடித்து எடுத்து வைப்பாள். அதை யாரும் பேச மாட்டார்கள். ஒரே ஒரு ஜோடி தப்பிப் போய் பார்ட்டியிடம் இருந்து திரும்பி வந்தால் அவள் பெயர்தான் வெளியில் வரும். அந்தத் தப்பைச் செய்தது யாரோ. பேச்சு வாங்குவது கடைசியில் நிற்பவள்.

கோல் கீப்பர் வேலையும் அதுவேதான். பந்து பத்துப் பேரைத் தாண்டித்தான் அவரிடம் வருகிறது. ஆனால் கோல் விழுந்தால், "கீப்பர் விட்டுட்டா" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண் ஆறு கோல் விட்டாள் என்று நாமும் அப்படித்தான் சொன்னோம். முன்னால் நின்ற பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. எத்தனை பந்தை அவள் தடுத்தாள் என்றும் கேட்கவில்லை.

அதிதி எப்படிக் கீப்பர் ஆனார்?

அதிதி 1992 நவம்பர் 20 அன்று சென்னையில் பிறந்தார். ஒன்பது வயதில் குடும்பம் டெல்லிக்குப் போய்விட்டது. பள்ளியில் கராத்தே, ஓட்டம், கூடைப்பந்து என்று பல விளையாட்டில் இருந்தார். கால்பந்து அவர் தேடிப் போன விளையாட்டு இல்லை. கோல் கீப்பர் தேர்வுக்குப் போய்ப் பார் என்று பயிற்சியாளர் ஒருவர் சொன்னார். போனார். 15 வயதில் டெல்லியின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது.

ஆண்கள் கால்பந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் ஆட்டத்தைத் தொடங்கி, ராணுவத்தில் சேர்ந்து, நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் அணிக்கு விளையாடியவர். முதலில் கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்து, பிறகுதான் கீப்பர் ஆனார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியபோது கோலில் நின்றவர் அவர்தான்.

இரண்டு பேர் கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைக்கு எது வரும் என்று பிள்ளைக்கே முதலில் தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. வெளியில் இருந்து பார்க்கும் ஆசிரியருக்கோ பயிற்சியாளருக்கோ சில சமயம் தெரிந்துவிடுகிறது. "உங்க பொண்ணுக்கு இது நல்லா வருது" என்று பி.டி. டீச்சர் சொன்னால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா?

ஐந்து கோல் விட்ட நாள்

அதிதி டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம் முடித்தார். பிறகு விளையாட்டு மேலாண்மை என்ற பாடத்தில் மேல்படிப்பு படிக்க இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். விளையாட்டு அமைப்புகளை எப்படி நடத்துவது, பணத்தை எப்படித் திரட்டுவது என்பதைப் பற்றிய படிப்பு அது. அங்கே இருக்கும்போதே, 2015-ல் லண்டனில் உள்ள வெஸ்ட் ஹாம் யுனைடெட் சங்கத்தின் பெண்கள் அணியில் சேர்ந்தார். இந்திய அணிக்கு ஆடும் ஒரு பெண் இங்கிலாந்து லீக்கில் ஆடியது அதுதான் முதல் முறை. அந்த அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது.

2015 ஆகஸ்ட் 16. வெஸ்ட் ஹாம் அணிக்கு அவருடைய முதல் ஆட்டம், கவென்ட்ரி அணிக்கு எதிராக. நம் ஊர்ப் பெண் வெளிநாட்டில் போய் வென்றாள் என்று எழுதத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் நடந்தது வேறு. வெஸ்ட் ஹாம் 0, கவென்ட்ரி 5. முதல் நாளே ஐந்து கோல்.

அன்று அவருக்கு வயது 22. வேற்று நாடு. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் முதல் இந்தியப் பெண் என்று அவர் பெயர். "ஊரே பாக்குது, மானம் போச்சு" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த பயிற்சிக்குப் போனார். அடுத்த ஆட்டத்துக்கும் போனார். அதே 2015-ல் லண்டனில் வழங்கப்பட்ட ஆசியக் கால்பந்து விருதுகளில், கால்பந்தில் பெண்கள் என்ற பிரிவின் விருது அவருக்குக் கிடைத்தது.

சகோதரிகளே, நம் குழுக்களும் இப்படித்தானே ஆரம்பித்தன? முதல் வருடம் கணக்கு நோட்டில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல்! பாங்கில் மேனேஜர் முன்னால் நின்றபோது எத்தனை பேருக்குக் கை நடுங்கியது! அன்றைக்கே கலைத்திருந்தால் இன்றைக்குக் கூட்டமைப்பு இல்லை. முதல் நாள் தோற்றது கெட்டிக்காரத்தனத்துக்கு அளவு இல்லை. இரண்டாவது நாள் வந்தாளா என்பதுதான் அளவு.

86 மணி நேரக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அதிதி இந்தியாவுக்காக ஆடிய ஆட்டங்கள் 57. ஒவ்வொன்றிலும் 90 நிமிடம் முழுதாக நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். 57-ஐ 90-ஆல் பெருக்கினால் 5,130 நிமிடம். அதாவது சுமார் 86 மணி நேரம். நான்கு நாள்கூட முழுதாக இல்லை.

ஆனால் அவர் கால்பந்தில் இருந்தது 17 வருடம். நாட்டுக்காக ஆடிய அந்த 86 மணி நேரத்துக்குப் பின்னால், விடிகாலை எழுந்து பயிற்சிக்குப் போனது, விழுந்து எழுந்தது, தோள், விரல், முழங்கால் வலி, பஸ், ரயில், காத்திருப்பு என்று எத்தனையோ வருடம் இருக்கிறது. நம் குழுவுக்கு பாங்கு கடன் வாங்கும் நாளில் கையெழுத்துப் போட அரை மணி நேரம்தான் ஆகிறது. அதற்குப் பின்னால் வாராவாரம் கட்டிய சேமிப்பு இருக்கிறது. அதுவும் இதுவும் ஒரே கணக்குதான்.

10 கோலில் இருந்து 2-1 வரை

இந்தியப் பெண்கள் அணி அந்த வருடங்களில் எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்காசிய நாடுகளுக்குள் அப்போது நம் அணிதான் பலமாக இருந்தது. 2012, 2016, 2019 ஆகிய மூன்று தெற்காசியச் சாம்பியன் பட்டங்களை வென்ற அணிகளில் அதிதி இருந்தார். 2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலும் நேபாளத்தை 4-0 என்று வென்று தங்கம் வாங்கினார்கள்.

பெரிய நாடுகளோடு மோதும்போது கதை வேறு. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவிடம் 10-0, தாய்லாந்திடம் 10-0 என்று இந்தியப் பெண்கள் அணி தோற்றது. காரணம் நம் பெண்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல. விளையாட ஆட்டங்களே குறைவு. பெண்களுக்கான இந்திய லீக் போட்டியே 2016-17-ல்தான் தொடங்கியது. வருடத்தில் சில வாரம் மட்டும் ஆடும் பெண்களும், வருடம் முழுவதும் ஆடும் பெண்களும் ஒரே மைதானத்தில் நின்றால் என்ன நடக்கும்?

அந்த லீக்கில் அதிதியும் ஆடினார். இங்கிலாந்தில் இருந்து திரும்பிய பிறகு, கேரளத்தின் கோகுலம் அணியோடு 2019-20, 2021-22 என்று இரண்டு முறை பட்டம் வென்றார். 2022 மே மாதம் நடந்த கடைசி ஆட்டத்தில் கோகுலம் வென்றது யாரைத் தெரியுமா? நம் மதுரையின் சேது அணியை. அந்தச் சேது அணியும் 2018-19-ல் இதே பட்டத்தை வென்றதுதான். நடுவில் 2021-ல் அதிதி ஐஸ்லாந்து நாட்டுக்குப் போய் ஹமார் என்ற அணிக்கும் ஆடினார்.

மனசு உடைகிற மாதிரி ஒரு சம்பவமும் நடந்தது. 2022 ஜனவரியில் பெண்கள் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டம் நவி மும்பையில் ஈரானோடு. அதிதி கோல் காத்தார். 0-0. ஒரு கோலும் விழவில்லை. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் பலருக்குக் கொரோனா வந்துவிட்டது. மைதானத்தில் இறக்க ஆள் போதவில்லை. போட்டியில் இருந்தே விலகியதாகக் கணக்கு. வருடக்கணக்கில் தயாரான போட்டி ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. யார் மேலும் கோபப்பட முடியாத நஷ்டம் அது. அந்தக் காலத்தில் கம்பெனி மூடி, தவணை கட்ட முடியாமல் நின்ற நமக்கு அந்த வலி தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூலை 5 அன்று, அதே தாய்லாந்தை, தாய்லாந்து மண்ணிலேயே இந்தியப் பெண்கள் 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. அந்த அணியில் அதிதி இல்லை. அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் அதைச் செய்தார்கள். அதே மாதத்தில் அதிதி ஓய்வை அறிவித்தார். கடைசியாக 2024-25 பருவத்தில் கொல்கத்தாவின் ஸ்ரீபூமி அணிக்கு ஆடியிருந்தார். வயது 32.

அடிபட்டால் என்ன செய்வது?

"அடிபட்டா?" என்று அன்று கூட்டத்தில் கேட்டது நியாயமான கேள்வி. அதை மறைக்கக் கூடாது. அதிதிக்கும் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, மறுபடி நடக்கப் பழகி, ஓடப் பழகித்தான் மைதானத்துக்கு வந்தார். இந்த ஜவ்வுக் காயம் விளையாடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் இதைப் பெருமளவு குறைக்கலாம். ஆட்டத்துக்கு முன்னால் சுமார் 20 நிமிடம் முறையாக உடலைச் சூடாக்கும் பயிற்சி செய்தால் காயம் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது போன்றவை அதில் அடங்கும். செலவு இல்லாத பயிற்சி. தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. பயிற்சிக்கு முன் உடலைச் சூடாக்கும் பயிற்சி நடக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள்.

2. கால் அளவுக்குச் சரியான ஷூ வாங்கிக் கொடுங்கள். "அடுத்த வருஷமும் வரட்டும்" என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். ஷூ தைக்கும் ஊரில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

3. முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருந்தாலோ, கட்டுப் போடுபவரிடம் இழுத்துவிடக் கூடாது. எலும்பு மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

4. மாதவிடாய் நாளில் வலி அதிகமாக இருந்தால், டீச்சரிடம் சொல்ல மகளுக்குத் தைரியம் கொடுங்கள். இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை எல்லாம் நம் வீட்டிலேயே கிடைப்பவைதான்.

மிஷினில் பத்து வருடம் உட்கார்ந்தாலும் முதுகும் கழுத்தும் கண்ணும் போகின்றன. அந்தக் காயத்துக்குப் பயந்து நாம் யாரும் மகளை வேலைக்கு அனுப்பாமல் இருப்பதில்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

படிப்பா, பந்தா?

அதிதியின் வாழ்க்கையில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவர் ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை. பந்தும் ஆடினார், பட்டமும் வாங்கினார். விளையாட்டுக்காரியின் உடல் முப்பது முப்பத்தைந்து வயது வரைதான் முழுதாகக் கை கொடுக்கும். அதற்குப் பிறகு இன்னும் முப்பது வருடம் உழைத்துச் சாப்பிட வேண்டும். படித்த படிப்பு அப்போதுதான் கை கொடுக்கிறது. ஆடிக்கொண்டிருந்தபோதே சிறுமிகளுக்காக டெல்லியில் ஷீ கிக்ஸ் என்ற கால்பந்துப் பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். ஓய்வு பெறும் நாள் வருவதற்கு முன்னாலேயே அடுத்த வேலைக்கு விதை போட்டுவிட்டார்.

இங்கே நீங்கள் ஒன்று சொல்வீர்கள். "மேடம், அந்தப் பொண்ணு டெல்லியில தனியார் பள்ளிக்கூடம் போனவ, லண்டன் போய்ப் படிச்சவ. எங்க பொண்ணுங்களுக்கு அதெல்லாம் எங்க?" சரியான பேச்சு. அதனால் நம் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்கிறோம். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பதவியில் சேர்ந்தவர். 2020 ஊரடங்கின்போது பந்தை ஓரமாக வைத்துவிட்டு, சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு பணியில் நின்றார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை வீழ்த்தி முதன்முதலாகத் தேசியப் பட்டம் வென்றது. 2023-ல் இரண்டாவது முறையும் வென்றது. லண்டனுக்குப் போகாமலே இதெல்லாம் நடந்திருக்கிறது.

நமக்கு என்ன வழி இருக்கிறது?

அரசுப் பள்ளிகளுக்கு இடையே பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை நடக்கின்றன. இவற்றில் கிடைக்கும் சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வெள்ளத்தில் நனைந்தது, கரையான் அரித்தது என்று எத்தனை சான்றிதழ் போயிருக்கிறது!

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவிகளுக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் அங்கேயே. தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆன பிறகு இதற்கெல்லாம் வேலூருக்கு அலைய வேண்டியதில்லை.

சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. எந்த அளவுப் போட்டிக்கு எந்த வேலை என்று விதி உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பந்து ஆடினாலும் ஆடாவிட்டாலும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால்தான் இந்த வழி திறக்கும். பத்தாவதோடு நிறுத்தி கம்பெனி வேனில் ஏற்றிவிட்டால் எல்லாக் கதவும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும்.

அந்தக் கடன் என்ன ஆச்சு?

அடுத்த கூட்டத்துக்குப் போய் இவ்வளவையும் சொன்னோம். ஐந்து கோல் கதையைச் சொன்னபோது, ஆறு கோல் என்று சிரித்தவர் தலை குனிந்துகொண்டார். மூத்த உறுப்பினர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "எனக்கு மனசு ஒப்பலம்மா. ஆனா அந்தப் பொண்ணு நம்ம கண்ணு முன்னால பொறந்தது. நாளைக்கு, சங்கத்துல கேட்டும் குடுக்கலன்னு அவ சொல்லக் கூடாது" என்றார். அவரே கையெழுத்தும் போட்டார்.

2,500 ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. தீர்மான நோட்டில் "கல்விச் செலவு" என்று எழுதலாமா என்று ஊக்குநர் கேட்டார். "எதுக்குப் பொய்? விளையாட்டுச் செலவுன்னே எழுது" என்றார் அந்த அம்மா. அந்தக் குழுவின் நோட்டில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. அரையாண்டு மதிப்பெண் அட்டையைக் குழுவில் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்.

அந்தப் பெண் மாவட்டத் தேர்வுக்குப் போனாள். தேர்வாகவில்லை. உயரம் போதவில்லை என்றார்களாம். அழுதுகொண்டே வந்தாள் என்று அம்மா சொன்னார். இரண்டு நாள் கையுறையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில், அம்மா கம்பெனி வேனுக்குக் கிளம்பும் முன்பே, கையுறையை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு தவணை கட்டியாகிவிட்டது. மதிப்பெண் அட்டையும் குழுவுக்கு வந்தது. கணக்கில் மட்டும் குறைவு. அதைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறோம்.

அவள் பெரிய ஆட்டக்காரி ஆவாளா என்று எங்களுக்குத் தெரியாது. விழுந்தால் எழுந்து, அடுத்த பந்துக்கு நிற்கத் தெரிந்த பெண் ஒருத்தி அந்தத் தெருவில் வளர்கிறாள். அது குழுவுக்கு வந்த லாபம்தான்.

குழுவில் கலந்து பேச:

1. நம் குழுவில் இதுவரை பெண் பிள்ளைகளின் படிப்புக்கு எத்தனை கடன் கொடுத்திருக்கிறோம்? கல்யாணத்துக்கு எத்தனை? நோட்டைப் பார்த்து எண்ணிச் சொல்லுங்கள்.

2. நம் ஊரில் பையன்கள் விளையாட மைதானம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அங்கே எந்த நேரத்தில் விளையாட முடியும்? முடியாது என்றால் கிராம சபையில் கேட்பது யார்?

3. நம் வீட்டிலோ குழுவிலோ கோல் கீப்பர் மாதிரி கடைசி ஆளாக நின்று தாங்குபவர் யார்? தப்பு நடந்தபோது மட்டும் அவர் பெயரைச் சொல்கிறோமா?

4. ஐம்பது வயதில் மிஷின் வேலையை விட்டால் அடுத்து என்ன செய்வோம்? அதற்காக இன்று ஒவ்வொருவரும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும், சொன்ன பதில்களை ஊக்குநர் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். உங்கள் ஊரிலும் பந்தோ, கபடியோ, ஓட்டமோ ஆடும் பெண் பிள்ளை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு வரும்போது அவள் ஆடுவதை நாங்களும் வந்து பார்க்கிறோம்.